காந்தம் ஒட்டவில்லை, அப்புறம்?

பெங்களூரு பீன்யாவில் ஒரு சிறு தொழிற்சாலைக்குப் பதினெட்டு ஆண்டுகளாகக் கொள்முதல் பார்க்கிறேன். அப்படிப்பட்ட நானும் ஏமாந்திருக்கிறேன்.

பழைய சப்ளையர் விலையை ஏற்றியதும், கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துக் கொட்டேஷன் கொடுத்த புதியவரிடம் 304 ரக எவர்சில்வர் தகடு வாங்கினேன். சரக்கு இறங்கும்போது சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டினார். “ஒட்டவில்லை பாருங்கள் சார், அசல் 304.” தலையாட்டிவிட்டேன். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. எனக்குத் தெரியாததா? அந்த நிமிடம் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் ஓசூர் வாடிக்கையாளரின் தொட்டியில், வெல்டிங் ஓரமாகத் தேநீர்க் கறைபோலத் துரு. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டார்கள்; சிவந்துவிட்டது. 202தான். 304இல் நிக்கல் குறைந்தது 8 சதவீதம் இருக்கும். 202இல் 4 முதல் 6 வரைதான்; குறைவை மாங்கனீசால் ஈடுகட்டுவார்கள். தகட்டைத் தயாரித்த ஆலையின் தரச் சான்றிதழும் கையில் இருந்தது. ஆனால் அதிலிருந்த ஹீட் எண் (ஒரே தடவை உருக்கிய தொகுதிக்கு ஆலை இடும் எண்) ஒன்று, தகட்டில் அச்சிட்டிருந்தது வேறு. இப்போதெல்லாம் இரண்டையும் ஒப்பிடாமல் லாரியின் கயிற்றை அவிழ்க்க விடுவதில்லை.

புதியவர் யாராக இருந்தாலும் முதலில் ஜிஎஸ்டி எண். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு: கர்நாடகம் 29, தமிழ்நாடு 33. “பீன்யாவிலேயே பட்டறை” என்றவரின் பில்லில் 07 இருந்தால், அது டெல்லிப் பதிவு. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் முகவரியும் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரா என்பதும் தெரிந்துவிடும். அவர் வரி கட்டாவிட்டால் நம் உள்ளீட்டு வரி வரவுதான், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்ளும் சலுகைதான், போகும்.

நல்ல சப்ளையரை நான் கண்டுபிடிப்பது பெரும்பாலும் முலாம் பூசும் பட்டறைகளில் விசாரித்துத்தான். யாருடைய வேலை சுத்தமாக வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நாமும் ஒழுங்காகப் பணம் கொடுக்க வேண்டும். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் இழுக்கச் சட்டம் இடம் தராது.

போன வாரம் தாசரஹள்ளியில் ஒரு பட்டறைக்குச் சொல்லாமல் போனேன். மாதம் பத்தாயிரம் பித்தளை புஷ் (தண்டைச் சுற்றிப் பொருத்தும் சிறு உருளை) கடைவதாகச் சொல்லியிருந்தார். லேத் மூன்று ஓடின. கழிவுத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். எல்லாம் இரும்புச் சீவல்; மஞ்சளாக ஒன்றுகூட இல்லை. காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.