யானையைச் சுட்டவன் பாறுக்கு ஏன் விஷம் வைக்கிறான்?

வயலில் தூவும் குருணைப் பூச்சிமருந்து என்று காதில் விழுந்தாலே, கால்நடை மருத்துவம் பார்க்கும் எங்களுக்குக் கை தானாக விஷமுறிவு மருந்தான அட்ரோபின் குப்பியைத் தேடும். "சார், வயலுக்கு வாங்கி வச்சதை மாடு நக்கிடுச்சு" என்று யாராவது மூச்சிரைக்க ஓடி வருவார். போய்ப் பார்த்தால் வாய் நிறைய எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், தோலுக்கு அடியில் தசை துடிதுடிக்கும். கார்போபியூரான் மாதிரியான மருந்துகள் நரம்பின் கட்டளையை நிறுத்தி வைக்கிற ஒரு நொதியை முடக்கிவிடும். அப்புறம் உடம்பு தன் கட்டுப்பாட்டில் இருக்காது. நேரத்தோடு கூப்பிட்டால் மாட்டைப் பிழைக்க வைத்துவிடலாம். கொட்டிக் கிடந்த குருணையைப் பொறுக்கிய கோழிக்கும் காகத்துக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

ஆப்பிரிக்கக் காடுகளில் பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்ப்பதும் இந்த வகை மருந்துகள்தான். தந்தத்துக்காக யானையைக் கொல்வது பற்றி நமக்குத் தெரியும். அதே சடலத்தில் இன்னொரு கொலையும் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

2019 ஜூனில் போட்ஸ்வானாவின் வடபகுதியில் மூன்று யானைகளைச் சுட்டுவிட்டு, சடலங்களில் விஷத்தைத் தடவிப் போயிருந்தார்கள். அதைத் தின்று 537 பாறுகள் செத்துக் கிடந்தன. பெரும்பாலானவை ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறுகள். தெற்கு ஆப்பிரிக்காவில் அது அவை அடைகாக்கும் பருவம். ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இரை கொண்டுவந்தால்தான் குஞ்சு தேறும். ஒன்று திரும்பாவிட்டால் கூட்டில் இருப்பதும் போய்விடும். அந்தக் கணக்கு 537இல் சேரவில்லை.

சரி, யானையைச் சுட்டவனுக்குப் பாறு மேல் என்ன பகை? பாறு அவனைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். யானை விழுந்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு பாறு கீழே இறங்கும். அது இறங்குவதைப் பார்த்துத் தூரத்தில் பறக்கும் இன்னொன்று வரும், அதைப் பார்த்து மற்றொன்று. பல மைல் தள்ளியிருக்கும் வனக்காவலர் வானத்தில் வட்டமிடும் கூட்டத்தைப் பார்த்தே ஜீப்பைத் திருப்புவார். தந்தத்தை வேரோடு எடுக்க யானையின் முகத்தைக் கோடரியால் பிளக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். தந்தத்தோடு தப்பிக்கவும் நேரம் வேண்டும். இன்றைய சடலத்தில் வைக்கிற விஷம் அடுத்த வேட்டைக்கான முன்னேற்பாடு. அந்த வட்டாரத்துப் பாறுகளை ஒழித்துவிட்டால் அடுத்த யானை விழுவது யாருக்கும் தெரியாது. 2012 முதல் 2014 வரை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் இப்படிப் பதிவான 11 சம்பவங்களில் 155 யானைகளும் 2,044 பாறுகளும் செத்தன.

சிலருக்கு இது ஒரு கல்லில் இரண்டு மாங்காய். செத்த பாறின் தலைக்குத் தனிச் சந்தை இருக்கிறது. அதன் மூளையைக் காயவைத்துப் புகைத்தால் வரப்போவது கனவில் தெரியும், லாட்டரி எண் வரை தெரியும் என்று தென்னாப்பிரிக்காவில் நம்புகிறவர்கள் உண்டு. சிரிக்கத் தோன்றும். உடும்பு ரத்தத்தையும் எறும்புத்தின்னி ஓட்டையும் வாங்க ஆள் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் அதற்குச் சிரிக்க உரிமை கொண்டாட முடியாது. ஆப்பிரிக்காவில் பதிவான பாறு மரணங்களைப் பகுத்துப் பார்த்த ஆய்வில் 61 சதவீதம் விஷத்தால், 29 சதவீதம் நாட்டுமருந்து வியாபாரத்தால், 9 சதவீதம் மின்கம்பிகளில் என்று வந்தது. எட்டு இனங்களின் எண்ணிக்கை முப்பது வருடங்களில் சராசரியாக 62 சதவீதம் சரிந்திருக்கிறது. 2015இல் அவற்றில் நான்கு இனங்களை அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற பட்டியலில் சேர்த்தார்கள்.

விஷம் வைப்பவர் எல்லோரும் வேட்டைக்காரரும் இல்லை. கென்யாவில் சிங்கம் மாட்டை அடித்தால், மிச்சம் தின்ன அது திரும்பி வரும் என்று தெரிந்து உரியவர் சடலத்தில் குருணையைத் தூவுவார். சிங்கமும் சாகும், கழுதைப்புலியும் சாகும், பாறுகள் மொத்தமாய்ச் சாகும். இப்படிச் சிங்கங்கள் செத்தது வெளியே தெரிந்து சத்தம் கிளம்பியதால்தான் 2009இல் கார்போபியூரான் தயாரித்த நிறுவனம் கென்யச் சந்தையிலிருந்து அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று வரும். தென்னாப்பிரிக்காவில் ஆல்டிகார்ப் என்ற மருந்துக்குத் தெருவில் 'இரண்டு எட்டு' என்ற பொருளில் பெயர். தின்ற நாய் இரண்டு எட்டுக்கு மேல் வைக்காது. பண்ணைக்கு வந்த விஷம் பொட்டலம் கட்டி எலிமருந்தாக விற்கப்படுகிற ஊரில் குழந்தைகளும் தப்புவதில்லை. 2024 அக்டோபரில் சோவெட்டோவில் ஆறு குழந்தைகள் டெர்புபாஸ் என்ற பூச்சிமருந்தின் விஷத்தால் இறந்தார்கள்.

நீலகிரியில் 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்ததும் விஷம் வைத்த மாட்டுச் சடலத்தால்தான். மாட்டைப் பறிகொடுத்தவருடைய கோபம் எனக்குப் புரியும், அந்த மாட்டின் விலை அந்த வீட்டுக்கு என்னவென்றும் தெரியும். இழப்பீடு பல மாதம் கழித்து வந்தால் அந்த இடைவெளியில் குருணைதான் பேசும். இந்தியாவில் பாறுகளைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்த டைக்ளோபினாக்கில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நாங்கள்தான் மாட்டு வலிக்குப் போட்டோம். அந்த மாடு செத்தால், அதைத் தின்ற பாறும் செத்தது. 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. தெரியாமல் நடந்த கொலைக்கு ஒரு அரசாணை போதுமான தொடக்கமாக இருந்தது. வேண்டுமென்றே நடப்பதற்கு அது போதாது.

இனி கோப்பை வேட்டை. பணம் கட்டி, உரிமம் வாங்கி, தலையை வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காகச் சுடுவது. அது பாதுகாப்புக்குப் பணம் தருகிறதா இல்லையா என்ற வாக்குவாதத்தில் ஒரு சின்னச் செய்தி அடிபட்டுப் போகிறது. துப்பாக்கிக் குண்டு ஈயம். அது உடலுக்குள் துகள் துகளாகச் சிதறும். வேட்டைக்காரர் விட்டுப்போகும் குடலோடு ஈயமும் பாறின் வயிற்றுக்குப் போகிறது. போட்ஸ்வானாவில் 566 வெண்முதுகுப் பாறுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது சுமார் 30 சதவீதத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. வேட்டைப் பருவத்திலும் வேட்டை நடக்கும் பகுதிகளிலும் அதிகம். ஈயமில்லாத செப்புக் குண்டு கடையில் கிடைக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்து வருகிறவர் அதை வாங்கமாட்டேன் என்றால் எனக்கு அவரிடம் பேச எதுவும் இல்லை.

2025 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் விஷம் தடவிய ஒரே யானைச் சடலத்தில் 123 பாறுகள் செத்தன. ஆனால் எண்பதுக்கும் மேற்பட்டவற்றை உயிரோடு மீட்டார்கள். உடம்பில் கருவி பொருத்திய பறவைகளின் நடமாட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததால் இடம் சீக்கிரம் தெரிந்தது. ஹெலிகாப்டர் போனது, பாறுகளுக்கென்றே இருக்கும் ஆம்புலன்சும் போனது.

விஷமேறிய பாறு தலையைத் தூக்காது. நகங்களை இறுக மடக்கி வைத்திருக்கும். கழுத்தடியில் தீனிப்பை இறைச்சியால் புடைத்திருக்கும். அந்த இறைச்சிதான் விஷம். அதை முதலில் வெளியேற்றிக் கழுவ வேண்டும். அப்புறம் அட்ரோபின், கரித்தூள், திரவம். என் மாட்டுக் கொட்டகை வைத்தியம்தான், அளவு மட்டும் வேறு. வனக்காவலர்களுக்கு இதில் முதலுதவியைச் சொல்லிக் கொடுத்து, மருந்துப் பெட்டியும் கையுறையும் கொடுத்து வைப்பது தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவில் சில வருடங்களாக நடக்கிறது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் கடந்துபோகிற நேரத்தில்தான் பாதி உயிர் போகிறது.

மசாய் மாராவுக்கோ க்ரூகருக்கோ சுற்றுலா போகிறவர்கள் இப்போது நம் ஊரிலிருந்தும் நிறையப் பேர். சடலத்தைச் சுற்றிப் பாறுகள் செத்துக் கிடந்தால், அதன் மேல் மொய்த்த ஈக்களும் செத்து உதிர்ந்திருந்தால் அது விஷம். வண்டியை விட்டு இறங்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஓட்டுநரிடம் சொல்லி அந்த நிமிடமே பூங்கா அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள், விடுதிக்குப் போன பிறகு அல்ல. அவர்களுக்கு அதற்குமேல் வேலை நிறைய இருக்கிறது. செத்த பறவைகள் ஒன்று விடாமல் பொறுக்கி எரிக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தின்பது அடுத்துச் சாகும். பறவையை எரிப்பது சுலபம். யானையைச் சாம்பலாக்க வண்டி வண்டியாய் விறகு வேண்டும். இருட்டினால் கழுதைப்புலிகள் வந்துவிடும் என்பதால், அது எரிந்து முடியும் வரை யாராவது காவலிருந்தாக வேண்டும்.