“தீர்ந்துபோன பேட்டரிதான் டாக்டர்”

போன வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வயது ஒன்றேகால். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, எச்சில் வடிந்துகொண்டே இருக்கிறது, லேசாகக் காய்ச்சல். பல் முளைக்கிறது, அதனால்தான் எச்சில் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். சளி என்று ஒரு கிளினிக்கில் சிரப் வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, “காசு முழுங்கியிருக்கு, ஈஎன்டி-கிட்ட காட்டுங்க” என்று அனுப்பியிருக்கிறார்கள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே அது காசு இல்லை என்று தெரிந்துவிட்டது. வட்டத்தின் விளிம்புக்குள் இன்னொரு வட்டம். வீட்டில் பட்டன் செல், அதாவது காசு மாதிரி தட்டையான சின்ன பேட்டரி, போட்ட சாமான் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். ஹாலில் கலர் மாறும் எல்இடி விளக்குப் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். அதன் ரிமோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை புது பேட்டரி போட்டுவிட்டு, பழையதை டிவி ஸ்டாண்டின் மேல் வைத்திருக்கிறார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“அப்ப பரவாயில்லை டாக்டர். அது தீர்ந்துபோன பேட்டரிதான்.”

பட்டன் செல் விழுங்கி இந்த ஆண்டில் என்னிடம் வந்த நான்காவது குழந்தை இது. நான்கு வீட்டிலும் இதே வார்த்தைகள்தான். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. ஒருவர் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்.

அதனால் இதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வீர்கள்? பென்சில் பேட்டரியை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, தட்டி, மறுபடி போடுவீர்கள். ரெண்டு நாள் ஓடும். அதுவும் நின்றால் அதே பேட்டரியைச் சுவர்க்கடிகாரத்தில் போடுவீர்கள். கடிகாரம் மாதக்கணக்கில் ஓடும். நம் தாத்தாக்கள் ரேடியோவிலிருந்தும் டார்ச் லைட்டிலிருந்தும் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி முற்றத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்ட தலைமுறை. தீர்ந்துபோன பேட்டரியில் மின்சாரம் மிச்சம் இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குழந்தை விழுங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

‘தீர்ந்துவிட்டது’ என்றால் அந்த ரிமோட்டுக்குப் போதவில்லை என்று மட்டுமே பொருள். சிஆர்2032 என்ற ரகப் பட்டன் செல் புதிதாக இருக்கும்போது அதில் 3 வோல்ட் இருக்கும். அது இரண்டரை வோல்ட்டுக்கு இறங்கினாலே பல கருவிகள் நின்றுவிடும். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்று பள்ளி வேதியியலில் படித்திருப்பீர்கள். குழந்தையின் உணவுக்குழாயோ எப்போதும் ஈரமாக, எச்சிலோடு இருக்கிறது. ரிமோட்டை ஓட்ட முடியாத அந்தச் செல்லுக்கு அங்கே வேலை செய்யத் தாராளமான சக்தி உண்டு.

இரண்டாவது நினைப்பும் இதோடு ஒட்டிக்கொண்டே வரும்: “பேட்டரி உடைஞ்சு ஆசிட் கசிஞ்சாத்தானே ஆபத்து?” பழைய டார்ச் கட்டைகள் பொங்கி ஒழுகியதைப் பார்த்த நினைவு இது. பட்டன் செல் உடையவே வேண்டாம். வெளியே எடுக்கும்போது பெரும்பாலும் முழுசாகத்தான் இருக்கும். குழாயின் இரு பக்கச் சதையும் அதன் மேலும் கீழும் அழுத்தி மின்சுற்றை மூடிவிடும். நெகட்டிவ் பக்கம் தொடும் இடத்தில் ஈரம் பிரிந்து, சதையை அரிக்கும் காரம் (அல்கலி) உண்டாகத் தொடங்கும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் எப்படி வெந்துபோகும் என்று உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். அதே அளவு காரம், ஒரே இடத்தில், நிற்காமல். 2 மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் விழுந்துவிடலாம். இந்தக் குழந்தைக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இன்னும் நம்பாதவர்களுக்காக என் அறையில் ஒன்று செய்து காட்டுவதுண்டு. ஒரு துண்டு கோழிக்கறியின் மேல் ‘தீர்ந்துபோன’ பட்டன் செல் ஒன்றை வைத்து, மேலே இன்னொரு துண்டு வைத்து மூடிவிடுவேன். அடுத்த இரண்டு மூன்று நோயாளிகளைப் பார்த்து முடிப்பதற்குள் ஓரத்தில் நுரை தெரியும். அரை மணி கழித்துத் திறந்தால் செல் பட்ட இடம் கருகியிருக்கும். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது. முடிந்ததும் அந்தச் செல்லை மறக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

ஜூனியர் டாக்டர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. எக்ஸ்ரேயில் வட்டமாக ஒன்று தெரிந்தால், பேட்டரி இல்லை என்று உறுதியாகும் வரை அதைப் பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். பக்கவாட்டுப் படமும் எடுங்கள். காசு நேர்க்கோடாகத் தெரியும், பேட்டரியின் விளிம்பில் படிக்கட்டு மாதிரி ஒரு படி தெரியும். உணவுக்குழாயில் இருப்பது பேட்டரி என்றால், காலையில் சாப்பிட்டது, ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அன்று இரவே எண்டோஸ்கோப்பி மூலம், அதாவது வாய் வழியாகக் கேமரா உள்ள குழாயை விட்டு, எடுத்துவிட்டோம். எடுத்தாகிவிட்டது என்றதும் வெளியே நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் எடுத்த பிறகும் புண் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும். இந்தக் குழந்தைக்கு உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கிறது. பால் குடித்தால் நுரையீரலுக்குப் போகும். இப்போது குழாய் வழியாகத்தான் ஆகாரம். ஓட்டை தானாக மூடுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்திலேயே பெருந்தமனி ஓடுகிறது. அதைப் புண் அரித்துவிட்டால் கையில் எதுவும் இல்லை. பேட்டரியை எடுத்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகுகூட அப்படி நேரலாம். அதனால் டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்கள், குழந்தை கொஞ்சமாக ரத்தம் வாந்தி எடுத்தாலும், மலம் கறுப்பாகப் போனாலும் அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். முதலில் இன்று இரவே வீட்டைச் சுற்றி வாருங்கள். டிவி ரிமோட்டைவிட, பூப்போல மெல்லிசாக இருக்கும் சின்ன ரிமோட்டுகளைப் பாருங்கள்: விளக்குப் பட்டை, மின்விசிறி, கார் ஸ்டீரியோ. கார் சாவி. சமையலறைத் தராசு, எடை பார்க்கும் மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், தாத்தாவின் சுகர் மெஷின், கார்த்திகைக்கு வாங்கிய எல்இடி அகல், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை. திருவிழாக் கடையில் வாங்கும் மின்னும் பம்பரம், விரலில் மாட்டும் விளக்கு, லைட் எரியும் செருப்பு. எதன் மூடி விரல் நகத்தாலேயே திறக்கிறதோ அதைக் குழந்தைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அல்லது மூடியைச் சுற்றிப் பலமான டேப் ஒட்டுங்கள்.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வாங்கும்போது பாருங்கள். ஆனால் ரிமோட் பொம்மை இல்லையே. குழந்தைக்கு அது தெரியுமா? ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் முதல், பட்டன் செல் போடும் வீட்டுச் சாமான்களின் பேட்டரி மூடி குழந்தையால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவும் அதே ஆண்டில் சட்டம் போட்டது. ஒரு சின்ன ஸ்க்ரூ, அவ்வளவுதான் கேட்கிறோம். இங்கே அது வரும் வரை ஸ்க்ரூ உள்ள சாமானாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய செல்லைக் கழற்றியதும் கீழே வைக்காதீர்கள். டிவி ஸ்டாண்ட், ஃபிரிட்ஜ் மேல், சட்டைப் பை, சாமி அலமாரி எங்கேயும் வேண்டாம். கையில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடி போட்ட டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். பிறகு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர்கள் அதன் செல்லையும் மாத்திரையையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. மாத்திரை என்று நினைத்து அதையும் சேர்த்து விழுங்கி வந்தவர்கள் உண்டு.

விழுங்கிவிட்டது என்று தெரிந்தாலோ, சந்தேகம் வந்தாலோ, 108 அல்லது கிடைத்த வண்டி. எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரல் விடாதீர்கள். வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுக்காதீர்கள், அவற்றால் பேட்டரி கீழே இறங்காது.

தேன் மட்டும் கொடுக்கலாம். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், முழுங்க முடிகிற குழந்தைக்கு 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன், அதிகபட்சம் 6 முறை. பேட்டரியைச் சுற்றிப் படர்ந்து அரிப்பை மட்டுப்படுத்தும். வழியில் வண்டியில் கொடுங்கள். தேன் தேடிக் கடைக்கு அலைந்து நேரம் போக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது. சேனை வைக்கிறோம் என்று பிறந்த குழந்தையின் நாக்கில் தடவும் பழக்கத்தையும் சேர்த்தே விட்டுவிடுங்கள்.

மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து, உப்புத் தண்ணீர், எண்ணெய் எதையும் விடாதீர்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் உடனே காட்டுங்கள்.

பேட்டரி வந்த அட்டையோ, அதே மாதிரி இன்னொரு செல்லோ இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சின்னக் குழந்தைக்கு அது நடுவழியில் மாட்டும் அளவு. அந்த எண் எங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொன்றை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அன்று இரவு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள். யார் அங்கே வைத்தது, யார் பார்க்காமல் விட்டது என்று. அந்தச் சத்தத்தில் குழந்தையின் அண்ணன் தூணுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். ஐந்து வயது. அழைத்து உட்கார வைத்துப் பேசினேன். திங்கட்கிழமை சாயங்காலம் தங்கச்சியோடு கடை விளையாட்டு விளையாடியிருக்கிறான். பேட்டரிதான் காசு. மிட்டாய்க்குச் சில்லறையாகத் தங்கச்சி கையில் அதைக் கொடுத்திருக்கிறான். அவள் வாயில் போட்டதை அவன் பார்த்தான். போன மாதம் போனை உடைத்ததற்கு அடி வாங்கியிருக்கிறான், அதனால் சொல்லவில்லை.

“உங்கிட்ட சொன்னா அடிப்பியா?” என்று என்னிடம் கேட்டான். மாட்டேன் என்றேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: பாப்பா எதையாவது வாயில் போட்டால் ஓடி வந்து சொல்லு, யாரும் அடிக்க மாட்டோம்.