ரிவர்ஷன் என்பது மீளுரிமை

சித்திரக்கதை நாயகர்களின் திரைப்பட உரிமை பற்றிய ஹாலிவுட் வழக்குகளில் 'ரிவர்ஷன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. குறித்த கெடுவுக்குள் படம் எடுக்கப்படாவிட்டால், உரிமை அதைக் கொடுத்தவரிடமே தானாகச் சேர்ந்துவிடும் என்பது இதன் பொருள்.

'திரும்பி வா' என்னும் பொருளுடைய 'ரெவெர்டெரே' என்ற இலத்தீன் வினையே இதற்கு மூலம். ஆங்கிலத்தில் இது நிலச் சட்டத்தில் வேரூன்றிய சொல். நிலத்தைக் குறித்த காலத்துக்கு மட்டும் ஒருவருக்குக் கொடுத்தவரிடம், அக்காலம் முடிந்ததும் அது திரும்பிவரும் என்றபடி எஞ்சி நிற்கும் உரிமையை அது சுட்டியது. நம் வழக்கில் சொன்னால், இது கிரையம் அன்று, குத்தகை. ஆகவே ஒரு நிறுவனம் ஒரு நாயகனை 'வாங்கியது' என்று எழுதுவது பெரும்பாலும் பிழை.

1985இல் கேனன் ஃபிலிம்ஸ் நிறுவனம் ஸ்பைடர்மேனின் படவுரிமையை மார்வெலிடமிருந்து 2,25,000 டாலருக்குப் பெற்றபோதும் ஐந்தாண்டுக் கெடு இருந்தது. அவ்வுரிமை பின்னர் பல நிறுவனங்களிடம் கைமாறி, அவற்றுள் சில நொடித்துப்போய், வழக்குகளில் சிக்கி, 1999இல்தான் சோனியிடம் நிலைபெற்றது. கெடுவின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று, மார்வெலின் நால்வர் நாயகக் குழுவான 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்'. அதன் உரிமை 1992 இறுதியில் கைவிட்டுப் போகவிருந்த நிலையில், அதை வைத்திருந்த கான்ஸ்டான்டின் படநிறுவனம் ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவில், அவ்வாண்டின் கடைசி நாட்களில் படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டது. உரிமை நிலைத்தது, உழைத்து நடித்தவர்களின் படமோ முறையாக வெளியாகவே இல்லை. அந்தக் கலைஞர்களை எண்ணினால் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

தமிழில் இதற்கு 'மீட்புரிமை' என்று எழுதினால் பொருள் பிறழும். மீட்பது பிறவினை, அடகு வைத்த நகையை மீட்பதுபோல், உடையவர் முயன்று செய்ய வேண்டிய செயல். மீள்வது தன்வினை. கெடு தவறியதும் யாரும் மீட்காமலே உரிமை தானே மீள்வதால், 'மீளுரிமை' என்பதே பொருந்தும். மீண்ட, மீள்கின்ற, மீளும் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகையாக அது அமைவது கூடுதல் நயம்.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு அந்நாயகனின் உரிமையை முழுக்கிரையமாகவே எழுதிக்கொடுத்தார்கள்; அதில் தானே மீள்வதற்கு எதுவும் இல்லை. ஆகவே சீகல் குடும்பத்தார், பழைய உரிமை மாற்றங்களை முடிவுக்குக் கொண்டுவர அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, 1997இல் அறிவிப்பு அனுப்பி, நீண்ட காலம் வழக்காட வேண்டியிருந்தது. 2008இல் ஒரு பகுதி வெற்றி கிட்டியபோதும், 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே அமைந்தது. அவர்கள் நாடியதற்கே 'மீட்புரிமை' என்ற பெயர் உரியது.