லெமியர் நோய்த்தொகை: பெயரும் பொருளும்

தொண்டைத் தொற்று முற்றி, கிருமி உட்கழுத்துச் சிரைக்குள் (கழுத்தின் உள்ளே இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) புகுந்து, அங்கே ரத்தத்தை உறையவைத்து, அந்த உறைவின் துணுக்குகளை நுரையீரல்வரை அனுப்பும் நோய்க்கு லெமியர் நோய்த்தொகை (சிண்ட்ரோம்) என்று பெயர். மிக அரிது. டென்மார்க்கில் கணக்கெடுத்தபோது ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 3.6 பேருக்கு வந்திருந்தது; 15 முதல் 24 வயதுள்ளோரிடம் மட்டும் பார்த்தால் 14.4. வேறு எந்த நோயும் இல்லாத இளைஞர்களைத்தான் அதிகம் தாக்குகிறது.

ஆந்த்ரே லெமியர் பிரெஞ்சு மருத்துவர். 1936இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இத்தகைய 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்துபோயிருந்தனர். 1900இலேயே கூர்மோன், காட் என்ற இருவர் இதைக் குறித்திருந்தாலும் நிலைத்தது லெமியரின் பெயர்தான். பெனிசிலின் வந்தபின் நோய் வெகுவாகக் குறைந்து, 'மறந்துபோன நோய்' என்ற பட்டமும் சேர்ந்தது. மறந்துபோனதுதான் இன்றைய ஆபத்து.

மருத்துவமனைச் சீட்டில் பெரும்பாலும் 'செப்டிக் த்ராம்போஃப்ளெபைடிஸ்' என்று எழுதியிருப்பார்கள். கிரேக்கத்தில் த்ராம்போஸ் என்றால் உறைகட்டி, ஃப்ளெப்ஸ் என்றால் சிரை. 'ஐடிஸ்' என்ற ஈறு அழற்சியைக் குறிக்கும். நம் 'அழற்சி'யும் அழல், அதாவது தீ என்ற சொல்லிலிருந்து வந்தது. தொட்டால் சுடும், சிவக்கும், வீங்கும் நிலைக்குப் பொருத்தமான பெயர். 'செப்டிக்' என்பதற்கு அழுகவைப்பது என்று பொருள்.

தமிழில் சிக்கல் சிரையில்தான். பேச்சு வழக்கில் சிரையையும் 'நரம்பு' என்கிறோம். 'நரம்பு ஊசி' என்பது சிரையில் போடும் ஊசியே. 'கழுத்து நரம்பில் ரத்தக்கட்டு' என்று சொன்னால், சுளுக்கோ அடிபட்ட கன்றலோ என்றுதான் வீட்டில் புரிந்துகொள்வார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது சிரை; இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய் தமனி. இலங்கையில் முறையே நாளம், நாடி. சிரை என்றாலும் நாளம் என்றாலும் 'இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்' என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. முழுப் பெயருக்கு 'தொற்றுறைவுச் சிரையழற்சி' என்பதைப் பரிந்துரைக்கிறோம். தொற்று, உறைவு, சிரை, அழற்சி நான்கும் அதில் இருக்கின்றன. வெறும் 'ரத்த உறைவு' என்றால் கிருமி விடுபட்டுவிடும். சிகிச்சையின் மையமோ கிருமிதான்.

அந்தக் கிருமி பெரும்பாலும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்வது. டான்சிலிலிருந்து சிறு சிரைகள் வழியாகவோ, தொண்டையின் பக்கவாட்டுத் திசு வழியாகவோ உட்கழுத்துச் சிரையை அடைகிறது. அந்தச் சிரையின் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேரே நுரையீரலுக்குத்தான் போகும். அதனால்தான் உடைந்த துணுக்குகள் முதலில் அங்கே சிக்கிச் சீழ்க்கட்டிகளாகின்றன. மூட்டு, கல்லீரல், மூளை வரையிலும் தொற்று பரவலாம்.

தொண்டை வலி வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள், பல நேரம் தொண்டை ஆறத் தொடங்கியபின், உடல் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல் வரும். கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் தாடைக் கோணத்திலிருந்து கீழ்நோக்கி வலித்து வீங்கும். மூச்சிழுத்தால் நெஞ்சு குத்தும். 'நெறி கட்டியிருக்கிறது' என்றோ பொன்னுக்கு வீங்கி என்றோ விட்டுவிடுவதும், சுளுக்கென்று எண்ணெய் போட்டு உருவுவதும்தான் நாள் கடத்தும் தவறுகள். குளிர்நடுக்கமும் ஒருபக்கக் கழுத்து வலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொண்டையில் பஞ்சு தொட்டு எடுக்கும் வழக்கமான பரிசோதனையில் இந்தக் கிருமி சிக்காது. ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தம் எடுத்து, ஆக்சிஜன் இல்லாத குப்பியிலும் வளர்க்க வேண்டும். முடிவு வரச் சில நாள் ஆகும். அதற்காக மருந்தை நிறுத்திவைப்பதில்லை. அல்ட்ராசவுண்டில் தாடை எலும்புக்கும் காறை எலும்புக்கும் பின்னாலுள்ள உறைவு தெரியாமல் போகலாம் என்பதால், சாயம் செலுத்தி எடுக்கும் கழுத்து சிடி ஸ்கேனே நம்பகமானது. நெஞ்சையும் சேர்த்து எடுப்பார்கள்.

மருந்துக்கடையில் தொண்டை வலிக்கென்று கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் இந்தக் கிருமியிடம் பெரும்பாலும் பலிக்காது. பைபராசிலின்–டாசோபாக்டம், அல்லது செஃப்ட்ரியாக்சோனுடன் மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக்குகளைச் சிரை வழியே தொடங்கி, மொத்தம் 3 முதல் 6 வாரம் கொடுப்பார்கள். உறைவின் நடுவே கிருமி பதுங்கியிருப்பதால்தான் இத்தனை நாள். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் மறுபடி கிளம்பும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உறைவு மூளைப் பக்கம் ஏறினால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். சீழ் கட்டியிருந்தால் மருந்து மட்டும் போதாது, வடித்தே ஆக வேண்டும்.