கிட்டார் 'செட்டப்': நிறுவல் அல்ல, பண்ணமைத்தல்

"கிட்டாரை நிறுவுவது எப்படி" என்று ஒரு காணொளியின் அடியில் தமிழ் எழுத்து ஓடுகிறது. இது முதல் தடவை இல்லை. கிட்டாரில் 'செட்டப்' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் 'நிறுவல்' என்கிறார்கள், இல்லாவிட்டால் 'அமைப்பு' என்கிறார்கள். நிறுவுவது சிலையை, சங்கத்தை, தொழிற்சாலையை. கணினிக்காரர்கள் மென்பொருளையும் நிறுவினார்கள், சரி, அது அவர்கள் துறை. கிட்டாரை எந்த ஊரிலும் யாரும் நிறுவுவதில்லை.

சொல்லின் பிறப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தின் 'செட்', 'அப்' இரண்டும் ஒட்டி உண்டானது. எதையும் வேலைக்குத் தயாராக்கி வைப்பது என்பது பொதுப்பொருள். பியானோ, துப்பாக்கி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் அவர்கள் அதையே சொல்வார்கள். கிட்டார்காரர்கள் வாயில் மட்டும் அதற்கு மிகக் குறுகலான, மிகத் தெளிவான பொருள் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாமல்தான் மொழிபெயர்க்கிறார்கள்.

அது என்ன வேலை? புதுக் கிட்டார் பெரும்பாலும் வாசிக்கத் தோதாக வந்து சேராது. அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு முதல் 46 பங்கு வரை தடிமனுள்ள வழக்கமான ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கின்றன, மரம் அதற்கு வளைகிறது, காற்றின் ஈரத்துக்கும் வளைகிறது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி அந்த வளைவைச் சரிசெய்கிறார்கள் (திருப்பி மாற்றக்கூடிய இந்தக் கம்பிக்கு கிப்சன் என்ற கிட்டார் நிறுவனத்தில் வேலைபார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்றார்). மெட்டு என்பது கழுத்தின் குறுக்கே பதித்த மெல்லிய உலோகக் கட்டை. கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திக்கொண்டு நடுவில் பார்த்தால், கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் பலருக்குப் போதும். அப்புறம் கம்பியின் உயரம்: மின்கிட்டாரில் 12ஆம் மெட்டின் மேல் தடித்த கம்பி 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி ஒன்றரை என்று வைத்துத் தொடங்குவார்கள். கடைசியாக, 12ஆம் மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் அதே இடத்தில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. அழுத்திய சுரம் ஏறி நின்றால் கம்பி உட்காரும் இடத்தைப் பின்னால் தள்ளி நீளத்தைக் கூட்ட வேண்டும், இறங்கி நின்றால் முன்னால் கொண்டுவர வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் செட்டப். கம்பியின் தடிமனை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

இதில் எங்கே இருக்கிறது நிறுவல்? நிறுவுவது ஒரு தடவை, அதோடு முடிந்தது. இதுவோ மழைக்காலத்துக்கு ஒரு தடவை, கோடைக்கு ஒரு தடவை செய்வது. வாசிப்பவரின் விரலுக்கும் வாசிக்கும் இசைக்கும் தக்கபடி மாறுவது. 'அமைப்பு' என்பதும் உதவாது. கிட்டாரின் அமைப்பு என்றால் அதன் கட்டுமானம், உடல் எந்த மரம், கழுத்து எந்த மரம் என்பதுதான் தமிழ் படிக்கிறவருக்குத் தோன்றும். 'சுருதி சேர்த்தல்' என்று எழுதுகிறவர்களும் உண்டு, அது இதைவிட மோசமான குழப்பம். சுருதி சேர்ப்பது கம்பியை இறுக்கித் தளர்த்தும் பிருடையைத் திருகும் வேலை, ஒரு நிமிடத்தில் முடியும். செட்டப் சரியில்லாத கிட்டாருக்கு எத்தனை அழகாகச் சுருதி சேர்த்தாலும் மேல் மெட்டுகளில் அபசுரம்தான் வரும்.

அப்படியானால் 'செட்டப்' என்றே விட்டுவிடலாமே என்றால், கடன் சொல் மேல் எனக்குப் பகை இல்லை. ட்ரஸ் ராட் ட்ரஸ் ராடாகவே இருக்கட்டும். ஆனால் தமிழ்நாட்டில் 'செட்டப்' என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. "எல்லாம் செட்டப்" என்றால் ஏமாற்று, முன்னேற்பாடாக நடித்தது. அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, அதை வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது. "என் கிட்டார் செட்டப்" என்று ஒரு பையன் தன் தாத்தாவிடம் சொல்லட்டும் பார்க்கலாம்.

நம்மிடம் சொல் இல்லையா என்றால் இருக்கிறது, அதுவும் நரம்புக் கருவிக்கே உரிய சொல். மலைபடுகடாத்தில் "மருதம் பண்ணிய கருங்கோட்டுச் சீறியாழ்" என்று வருகிறது. மருதப் பண்ணுக்கு ஏற்றபடி ஆயத்தம் செய்த யாழ். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை வாங்கியதும் செய்யும் எட்டு வகையில் முதலாவதே பண்ணல். பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று வரிசை போகிறது. அதற்குச் சற்று முன்னால் "பத்தரும் கோடும் ஆணியும் நரம்பும்" என்று உறுப்புகளைச் சொல்லி "குற்றம் நீங்கிய யாழ்" என்கிறார் இளங்கோ. உடல், தண்டு, ஆணி, நரம்பு எதிலும் குறையில்லை என்று உறுதியான பிறகுதான் கருவி வாசிப்பவர் கைக்கு வருகிறது. இன்றைக்குக் கிட்டாரைப் பழுதுபார்ப்பவரின் மேசையில் நடப்பதும் இதே வரிசைதான்.

பண்ணுவது யாழுக்கு மட்டும் என்றும் இல்லை. "பூநுதல் யானையொடு புனைதேர் பண்ணவும்" என்பது புறநானூற்றின் 12ஆம் பாட்டு. யானையையும் தேரையும் ஏறிப் போகத் தயாராக்கி அழகுபடுத்தி நிறுத்துவது. ஆயத்தம், ஒழுங்கு, அழகு மூன்றும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. கிட்டார்காரர்கள் தாங்களே கருவியைத் திருத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை ஏன் முக்கியம் என்று தெரியும். ராக் இசையின் எட்டி வான் ஹேலன் உதிரி உடலையும் கழுத்தையும் வாங்கித் தானே பூட்டி, ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்துக் கோடுகோடாகத் தானே வண்ணம் அடித்தார். குவீன் குழுவின் பிரையன் மே 1963இல் தொடங்கித் தன் தந்தையோடு உட்கார்ந்து, பழைய கணப்படுப்பின் மரத்தில் கழுத்தைச் செதுக்கிக் கிட்டார் செய்தார், மெட்டுப் பலகையின் அடையாளப் புள்ளிகளுக்குச் சட்டைப் பொத்தான்களின் முத்துச்சிப்பியைப் பதித்தார். அவரே முப்பரிமாண ஒளிப்படக் கலையிலும் ஊறியவர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரோனி வுட் ஓவியர். ஸ்டோன் ரோசஸ் குழுவின் ஜான் ஸ்கொயர் முதல் இசைத்தட்டின் அட்டை ஓவியத்தைத் தானே தீட்டினார். கருவியைத் தன் கையால் ஒழுங்குசெய்கிறவருக்கு மரமும் நிறமும் படமும் ஒரே வேலையின் பக்கங்கள், இதற்கு 'நிறுவல்' என்பது எத்தனை உயிரில்லாத சொல்!

ஆனால் 'பண்ணல்' என்று மட்டும் சொன்னால் இன்று எடுபடாது, அது உண்மை. கால் பண்ணு, டிரைவ் பண்ணு என்று இந்த வினையைச் சக்கையாகப் பிழிந்துவிட்டோம். "கிட்டாரைப் பண்ணினேன்" என்றால் கிட்டாரைச் செய்தேன் என்றுதான் கேட்கும். அதனால் நான் சொல்வது பண்ணமைத்தல். பண்ணுக்கு ஏற்ப அமைத்தல் என்று கேட்டவுடன் விளங்கும், இசைக்கருவியைப் பற்றிய பேச்சு என்பதும் தெரியும், வினையாக்கவும் எளிது: பண்ணமைத்தேன், பண்ணமைக்க வேண்டும், பண்ணமைப்பு நன்றாக இருக்கிறது. வீணை செய்பவர்களின் 'மேளம் கட்டுவது' என்ற சொல்லையும் யோசித்துப் பார்த்தேன். அருமையான சொல். ஆனால் அது தேன்மெழுகில் 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு இடம்பார்த்து வைக்கும் வேலை, கிட்டாரின் மெட்டுகள் தண்டிலேயே அடிக்கப்பட்டவை. அதோடு மேளம் என்றால் மற்றவர்களுக்குக் கல்யாண மேளம்தான் நினைவுக்கு வரும்.

வீணைக்காரர்களிடம் கேட்டிருந்தால் மற்ற சொற்களும் கிடைத்திருக்கும் என்பதுதான் என் பெரிய ஆதங்கம். விரல் அழுத்தும் கட்டைக்கு மெட்டு, கம்பியைத் தாங்குவதற்குக் குதிரை, திருகுவதற்குப் பிருடை, கழுத்துக்குத் தண்டி, அழுத்திய சுரம் சரியாக நிற்பதற்குச் சுரஸ்தானம். தஞ்சாவூரில் இன்றைக்கும் பட்டறையில் புழங்கும் சொற்கள். மொழிபெயர்ப்பவரோ அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிறார். 'ஆக்‌ஷன்' என்பதற்குச் 'செயல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன், அது கம்பி உயரம். 'ரிலீஃப்' என்பதற்குக் 'கழுத்து நிவாரணம்', அது தண்டியின் வளைவு. "கழுத்து நிவாரணத்தைக் குறைக்க" என்று படித்துவிட்டு ஒரு பிள்ளை ட்ரஸ் ராடை எந்தப் பக்கம் திருப்பும்? தவறாக இறுக்கினால் தண்டி பின்பக்கமாக வளையும், அப்படியே இன்னும் முறுக்கினால் மரை போய்விடும், கம்பியும் முறியலாம். கருவியை ஒரு நாளாவது மடியில் வைத்துப் பார்க்காதவர் இந்தக் குறிப்புகளை மொழிபெயர்க்கவே கூடாது.