குழந்தைகள் வரைந்ததை இரவில் திருத்தாதீர்கள்

சுவரோவியரான எனக்குச் சென்ற வாரம் ஒரு பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மாணவர்களைக் கொண்டே சுற்றுச்சுவர் முழுவதும் ஓவியம் வரைந்து முடித்திருக்கிறார்கள். இரண்டு நாளில் திறப்பு விழா. பிள்ளைகள் வரைந்தது கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கிறதாம். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நான் வந்து ஓரிரவில் ‘டச்சப்’ செய்து தர வேண்டும் என்றார்கள். இந்த ஆண்டில் இதே வேண்டுகோள் எனக்கு வருவது இது நான்காவது முறை. நான்கு பேருமே சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “பிள்ளைகளுக்குத் தெரியவா போகிறது?”

தெரியும். அந்த வேலையை நானே ஒருமுறை செய்திருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் மூத்த ஓவியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தேன். ஒரு குடியிருப்பின் பொதுச்சுவரில் குளம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தோம். அதில் நீந்தும் மீன்களை அங்கிருந்த பிள்ளைகள் வரைந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் மீனின் கண்ணுக்கு மேலே நீளமாக ஐந்து இமைமயிர்களை வரைந்திருந்தாள். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு, விளக்கு வெளிச்சத்தில், எல்லா மீன்களின் விளிம்புகளையும் சீராக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. நானும் சீராக்கினேன். மீனுக்கு ஏது இமைமயிர் என்று அந்த ஐந்து கோடுகளையும் நீல வண்ணத்தால் மூடினேன். மறுநாள் காலை அவள் தன் பாட்டியின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். தண்ணீர்க் குழாயிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து மூன்றாவது மீனின் முன் நின்றாள். பிறகு நான்காவது மீனைப் பார்த்தாள். திரும்பி இரண்டாவது மீனிடம் போனாள். கடைசியில், “இந்தச் சுவர் இல்லை, பாட்டி” என்று சொல்லிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அழவும் இல்லை, யாரிடமும் எதுவும் கேட்கவும் இல்லை. அதன் பிறகு 22 ஆண்டுகளில் எத்தனையோ சுவர்களில் வேலை செய்துவிட்டேன். பங்கேற்றவர் அருகில் இல்லாத நேரத்தில் அவருடைய கோட்டின் மேல் நான் தூரிகை வைத்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களிடம் ஆழமாக வேரூன்றிப்போன தவறான எண்ணம் ஒன்று உண்டு. ஓவியர் தன் அறையில் அமர்ந்து படத்தை வடிவமைப்பார், சுவரில் கட்டம் போட்டுக் கோடு இழுப்பார், பிறகு ஊர்மக்களோ மாணவர்களோ வந்து உள்ளே வண்ணம் பூசுவார்கள், அதுவே கூட்டுக் கலை என்பது அந்த எண்ணம். அப்படிச் செய்தால் கிடைப்பது கூலியில்லாத வண்ணப்பூச்சு வேலைதான். தூரிகை எத்தனை கைகளுக்குப் போனது என்பதைக் கொண்டு கூட்டுறவை அளக்க முடியாது. சுவரில் எது வர வேண்டும், எது வரக் கூடாது, யாருடைய முகம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது அறையில் யார் இருந்தார்கள் என்பதுதான் அளவுகோல். முடிவெடுப்பதில் பங்கில்லாதவருக்குத் தூரிகையைக் கொடுத்தால், வண்ணத்தோடு சேர்த்துப் பழியையும் அவர் தலையில் வைக்கிறோம். கோடு கோணலாகிவிட்டால் அது அவருடைய பிழையாகிவிடுகிறது. படம் நன்றாக வந்துவிட்டால் அது ஓவியரின் திறமையாகிவிடுகிறது. உள்ளங்கையை வண்ணத்தில் தோய்த்துச் சுவரில் பதிக்கச் சொல்லும் வழக்கத்தையும் இதனால்தான் நான் ஏற்பதில்லை. ஐம்பது குழந்தைகளின் கை அங்கே இருக்கும். ஒரு குழந்தையின் எண்ணம்கூட இருக்காது.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் அல்ல. சமூகச் சுவரோவியம் என்ற இயக்கமே இந்த அடித்தளத்தில்தான் எழுந்தது. 1967-இல் சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருவில், ‘மரியாதைச் சுவர்’ என்று அழைக்கப்பட்ட ஓவியத்தை ஒரு கலைஞர் குழு வரைந்தபோது, எந்தெந்தத் தலைவர்கள், இசைக்கலைஞர்கள், விளையாட்டு வீரர்களின் முகங்கள் அதில் வர வேண்டும் என்று அந்தத் தெருவாசிகளோடும் பேசினார்கள். மக்கள் அதைத் தங்கள் சுவராகவே நடத்தினார்கள். 1971-இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்ட போதிலும் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் அதே சுவரில் ஒரு பகுதி, அதை வரைந்த ஓவியரின் சம்மதம் இல்லாமல் வெள்ளையடிக்கப்பட்டு இன்னொருவரால் மீண்டும் வரையப்பட்டது என்பதையும், அது அந்தக் குழுவுக்குள் ஆறாத மனக்கசப்பை உண்டாக்கியது என்பதையும் இளைய ஓவியர்கள் அறிந்திருக்க வேண்டும். தேர்ந்த கலைஞர்களுக்கே அப்படி வலித்தது என்றால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ‘பெருஞ்சுவர்’ இன்னும் தெளிவான சான்று. ஓவியர் ஜூடி பாகா 1976-இல் தொடங்கி, ஐந்து கோடைகளில், 1983 வரை, வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் கான்கிரீட் பக்கச்சுவரில் 2,754 அடி நீளத்துக்குக் கலிபோர்னியாவின் வரலாற்றை வரைய வைத்தார். 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் பலர் சிறார் நீதி அமைப்பின் வழியாக வந்தவர்கள். அவர்களை நேரே சுவருக்கு முன் நிறுத்திவிடவில்லை. வரலாற்றாசிரியர்களோடும் அந்த நிகழ்ச்சிகளை வாழ்ந்து கடந்தவர்களோடும் பேசி, படித்து, விவாதித்த பிறகுதான் படங்கள் உருவாயின. அந்த இளைஞர்களுக்கு ஊதியமும் கொடுக்கப்பட்டது. ‘பிள்ளைகள்தானே, ஆர்வத்தில் செய்கிறார்கள்’ என்று சொல்லித் தேநீர் இடைவேளைக்குக்கூட நேரம் ஒதுக்காத ஏற்பாட்டாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“அப்படியென்றால் கோணலாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவதா, தரம் வேண்டாமா?” என்று கேட்கிறார்கள். தரம் வேண்டும், அதைப் பற்றி நான் மிகவும் கண்டிப்பானவன். ஆனால் தரத்தைக் கடைசி இரவில் கொண்டுவர முடியாது, வடிவமைக்கும்போதே அதற்கு இடம் செய்ய வேண்டும். பயிலாத கையின் கோடு எப்படி இருக்கும் என்று சுவரோவியருக்கு முன்கூட்டியே தெரியும். அது ஒரே தடிமனில் ஓடாது, வளைவில் தயங்கும், மூலையில் வண்ணம் தேங்கும். அந்தக் கோடே அழகாகத் தெரியும்படி படத்தை அமைப்பதுதான் நம் வேலை. நுணுக்கமான முகங்களைப் பயின்றவர்களுக்கு வைத்துக்கொண்டு, இலை, அலை, கூரை, துணியின் கோலம், பறவைக்கூட்டம் போன்று ஒவ்வொன்றும் வேறுபட்டிருப்பதே பொருத்தமாகத் தோன்றும் பகுதிகளை மற்றவர்களிடம் விடலாம். விளிம்புக்கோடு கடைசியில் வரப்போகிறது என்றால், அதை யார் இழுக்கப்போகிறார்கள் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். இழுக்கும்போது அவர்களும் அருகில் நிற்க வேண்டும்.

பிலடெல்பியா நகரில் 1984-இல் சுவர்க்கிறுக்கல்களுக்கு மாற்றாகத் தொடங்கிய சுவரோவியத் திட்டம் இதற்கு நல்லதொரு வழியைப் பரவலாக்கியது. ‘பாராசூட் துணி’ என்று தொழிலில் சொல்லப்படும், நெய்யப்படாத மெல்லிய துணியில், எண்ணிட்ட பகுதிகளாகப் படத்தைப் பிரித்து, மேசையின் மேல் வைத்து வரைந்து, பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுவார்கள். சாரத்தில் ஏற முடியாத முதியவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், சிறைக்குள் இருப்பவர்கள்கூட அப்படி ஒரு பெரிய சுவரில் பங்கேற்றிருக்கிறார்கள். ஒரு பகுதி சரியாக வரவில்லை என்றால் வரைந்தவரே இன்னொரு துண்டில் மீண்டும் வரையலாம்; யாருக்கும் தெரியாமல் திருத்த வேண்டிய தேவையே எழாது.

திருத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் என்றால் திருத்தத்தான் வேண்டும். மாணவரைச் சுவரிலிருந்து பத்தடி பின்னால் அழைத்துச் சென்று, “இங்கிருந்து பார், உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் தங்கள் பிழையைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் கையெட்டும் தூரத்தில் நிற்பவருக்குச் சுவர் தெரிவதில்லை, அவருடைய தூரிகை முனை மட்டுமே தெரிகிறது. மீதி இருவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். குழந்தைகள் நேர்மையான கண்டிப்பைத் தாங்குவார்கள். உடன் பணிபுரிவோருக்கு இன்னொன்று: முள்முள்ளாகப் போன பழைய தூரிகைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, நல்லவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு, பிறகு அவர்கள் கோடு பிசிறடிக்கிறது என்று குறை சொல்லாதீர்கள்.

சுவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘டச்சப்’ கேட்டு வரும் அழைப்புகளில் பாதி உண்மையில் ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தைப் பற்றியவை. ஓதம் ஏறும் சுவரில் எந்த வண்ணமும் நிற்காது. உப்புப் பூத்து உரிந்துவிடும். வண்ணத்தை விலை உயர்த்தி வாங்குவதால் இது மாறப்போவதில்லை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் கொத்தனாரை அழையுங்கள், ஓவியரை அழைக்காதீர்கள். புதிய சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காத்திருங்கள். விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டுச் சுவரைப் பிறகு பூசும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பழைய வண்ணத்தை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசியில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. இதைச் சொன்னால், “நாங்கள் எல்லாம் சின்ன வயதில் செய்யாததா” என்கிறார்கள். செய்திருக்கலாம், செய்திருக்கக் கூடாது. பிள்ளைகளைச் சாரத்தில் ஏற்றாதீர்கள். நின்றபடி கையெட்டும் உயரம் வரை அவர்களுக்கு, அதற்கு மேல் நமக்கு.

ஒப்பந்தம் எழுதாமல் தொடங்காதீர்கள் என்று இளைய சுவரோவியர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யார் எதைத் தீர்மானிப்பது, முன்தயாரிப்புக் கூட்டங்களுக்கும் கற்பிக்கும் நேரத்துக்கும் ஊதியம் எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் பராமரிப்பது, அழிக்க வேண்டி வந்தால் யாருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது என்பவை அதில் இருக்க வேண்டும். படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகப் படைப்பாளிக்குச் சட்டப் பாதுகாப்பு பல நாடுகளில் உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் உருவாக்கிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் கழற்றப்பட்டுச் சேதமடைந்தபோது, அவர் தொடுத்த வழக்கில் 2005-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நியூயார்க்கில் 2013-இல் ஓரிரவில் வெள்ளையடிக்கப்பட்ட 45 ஓவியங்களுக்காக 2018-இல் நீதிமன்றம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. சட்டம் நமக்குத் தருகிற இந்த மரியாதையை நம்மோடு வரைந்தவர்களுக்கு நாம் தர மறுப்பது எப்படி நியாயமாகும்?

அந்தப் பள்ளிக்கு நான் போனேன், ஆனால் இரவில் போகவில்லை. விழாவை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சம்மதித்தார்கள். வரைந்த பிள்ளைகளையும் வரச் சொன்னேன். எல்லோரும் தெருவின் மறுபக்கம் போய் நின்று பத்து நிமிடம் சுவரையே பார்த்தோம். எதை மாற்றலாம் என்று அவர்கள்தான் பட்டியல் சொன்னார்கள். மொத்தம் ஆறு இடங்கள். மூன்று இடங்களில் வண்ணம் வடிந்திருந்தது, ஓர் இடத்தில் எழுத்துப்பிழை, ஓர் இடத்தில் மேகமும் மலையும் ஒரே நிறமாகிப்போயிருந்தன. ஆறாவதாக, தான் வரைந்த ஏணியின் ஒரு படி சரிந்திருப்பதாக ஒரு சிறுவன் சொன்னான். அந்தப் படியை அவனே மூடி, காயும் வரை காத்திருந்து, மீண்டும் வரைந்தான். படி இப்போதும் சரிந்துதான் இருக்கிறது, மறுபக்கமாக. பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, “இப்போது சரி” என்றான். தூரிகையை வாங்கிக் கழுவி வைத்தேன்.