வாஷிங்டன் என்ற பெயர் எப்படிப் பிழைத்தது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வாஷிங்டன் என்று ஒரு தலைநகரம், ஒரு மாநிலம், ஒரு மலை, பல்கலைக்கழகங்கள், நடிகர் டென்சல் வாஷிங்டன் என்று எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர்தான். இதெல்லாம் ஒரே குடும்பத்தின் பெயரா? சில குடும்பப்பெயர்கள் மட்டும் இப்படிப் பரவுகின்றனவே, மற்றவை எங்கே போகின்றன?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது, ஆகவே இன்று அந்தப் பெயர் உடையவர்கள் அவருடைய வாரிசுகள் அல்ல. இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குப் போகும் முன் வாஷிங்டனின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே நிலம் பெற்றுக் குடியேறிய ஒரு பிரபு, ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அந்த வழியில் வந்தவர்தான் அமெரிக்காவின் முதல் அதிபர். அவர் பெயர் தலைநகருக்குப் போனது, மேற்குக் கரையில் ஒரு மாநிலத்துக்குப் போனது, நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மலைக்குப் போனது, சுமார் 30 மாவட்டங்களுக்கும் போனது. ஊரிலிருந்து ஆளுக்கு வந்த பெயர், ஆளிடமிருந்து மறுபடியும் ஊர்களுக்கே போயிருக்கிறது.

அதே தலைநகரில் ஸ்மித்சோனியன் என்ற மாபெரும் ஆய்வு நிறுவனமும் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. அந்தப் பெயருக்குரியவர் ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். அமெரிக்காவில் அவர் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. திருமணம் செய்துகொள்ளவும் இல்லை. தன் சொத்தைத் தம்பி மகனுக்கு எழுதி வைத்தார். அவனுக்கும் வாரிசு இல்லாமல் போனால், அறிவை வளர்க்கவும் பரப்பவும் வாஷிங்டன் நகரில் தன் பெயரில் ஒரு நிறுவனம் அமைக்க அந்தச் சொத்து அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்றும் எழுதினார். அவர் இறந்தது 1829-இல். அந்த இளைஞனும் 1835-இல் வாரிசு இல்லாமலே இறந்தான். நிறுவனம் 1846-இல் பிறந்தது.

இன்னொரு செய்தி. ஜேம்ஸின் தந்தை ஹியூ ஸ்மித்சனே தன் பெயரைக் கைவிட்டவர். பெர்சி என்ற பழைய பிரபு குடும்பத்தில் ஆண்வழி அற்றுப்போயிருந்தது. அந்தக் குடும்பத்தின் வாரிசாக இருந்த பெண்ணை மணந்த அவர், 1750-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பெர்சி ஆனார். அழியவிருந்த ஒரு பெயரைக் காப்பாற்ற இன்னொரு பெயரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

பிரபு குடும்பங்களின் பெயர்கள் இப்படி மறைந்துகொண்டே இருந்தது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பலரையும் உறுத்தியது. செல்வமும் சொகுசும் வந்தால் குடும்பத்தின் வீரியம் குறைந்துவிடும் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர், விளக்கம் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டார்: எந்தக் குறையும் இல்லாமல், தற்செயலாகவே எத்தனை பெயர்கள் அழியும்? அது தெரியாமல் வீரியத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? பிற்பாடு இனமேம்பாடு என்ற பெயரில் அவர் முன்வைத்த கொள்கை பெருந்தீங்குக்கு வழி வகுத்தது. அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் இந்தக் கேள்வி மிகச் சரியான கேள்வி. 1873-இல் ஒரு கல்வி இதழில் அதைக் கணக்குப் புதிராகவே வெளியிட்டார். ஆளுக்கு ஒரு குடும்பப்பெயர் கொண்ட ஆண்கள் ஓரிடத்தில் குடியேறுகிறார்கள். சிலருக்கு மகன் இல்லை, சிலருக்கு ஒருவன், சிலருக்கு இருவர். இத்தனை தலைமுறைக்குப் பிறகு எத்தனை பெயர்கள் மறைந்திருக்கும்? ஒரே பெயரை எத்தனை பேர் வைத்திருப்பார்கள்? நம் வாசகர் கேட்டதும் இதைத்தான்.

இந்தக் கணக்கை நீங்களே விளையாடிப் பார்க்கலாம். ஒரு தாளில் 64 பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயரிலும் ஓர் ஆண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். எத்தனை தலை விழுகிறதோ அத்தனை மகன்கள். இரண்டும் பூ விழுந்தால் மகன் இல்லை. அடுத்த சுற்றில் அந்த மகன்கள் ஒவ்வொருவருக்கும் இதேபோலச் சுண்டுங்கள். ஒரு பெயரில் ஆண் யாரும் மிஞ்சாவிட்டால் அந்தப் பெயர் அன்றோடு முடிந்தது, அடித்துவிடுங்கள். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன் என்பதால் மொத்த ஆண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்கும். யாருக்கும் நோயில்லை, பஞ்சமில்லை, ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

இரண்டும் பூ விழ நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 16 பெயர்கள் போய்விடும். இரண்டாவது சுற்று முடியும்போது போனவை 25 ஆகியிருக்கும், மூன்றாவதில் 31. மூன்றே தலைமுறையில் பாதிப் பெயர்கள் தாளில் இல்லை. பத்து தலைமுறையில் நூற்றுக்கு 74 பெயர்கள் அழிந்திருக்கும், நூறு தலைமுறையில் 96. மொத்த ஆண்களின் எண்ணிக்கை குறையவே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியானால் அந்த ஆண்கள் எல்லாரும் எங்கே? எஞ்சிய பெயர்களில்தான். ஆயிரம் பெயர்களோடு தொடங்கியிருந்தால், நூறு தலைமுறைக்குப் பின் 37 பெயர்கள்தான் மிஞ்சும். அதே ஆயிரம் பேர் அந்த 37 பெயர்களுக்குள் இருப்பார்கள், பெயருக்குச் சராசரியாக 27 பேர். அதிலும் சிலவற்றில் ஓரிருவர்தான் இருப்பார்கள், சிலவற்றில் நூறு பேருக்கு மேல்கூட இருப்பார்கள். பெயர்கள் அழிவதும் ஒரு பெயர் பெருகுவதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள். இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பெரிய குடும்பங்கள் பெரிதாக இருப்பதற்கு எந்தக் காரணமும் தேவையில்லை என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அழிந்து ஒழிந்துபோனால் திரும்பி வர வழியில்லை என்பதுதான் இதில் சூட்சுமம். ஒரு பெயரில் பத்துப் பேர் இருக்கும்போது எண்ணிக்கை ஏறலாம், இறங்கலாம். பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அதோடு சரி. ஒரு பக்கம் மட்டும் பள்ளம் உள்ள பாதையில் ஒருவன் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் விழத்தான் செய்வான்.

சராசரி ஒன்றுக்கு மேல் இருந்தால்? இங்கேதான் பெரிய ஆட்களே வழுக்கினார்கள். கால்டனின் புதிருக்கு விடை எழுதியவர் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார், நல்ல கணிதவியலாளர். மகன்கள் சராசரியாக எத்தனை பேர் இருந்தாலும் எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று அவர் முடிவு கட்டினார். அது தவறு. எங்கே தவறினார் என்பதைப் பார்ப்போம். மகனே இல்லாமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு, ஒரு மகனுக்கு நான்கில் ஒன்று, இரு மகன்களுக்கு இரண்டில் ஒன்று என்று வைப்போம். சராசரி 1.25. என் வழி என்றாவது அழியும் வாய்ப்பை 'அழிவு' என்று அழைத்தால், அது மூன்று விதமாக நடக்கலாம்: எனக்கு மகன் இல்லை; ஒரே மகன், அவன் வழி அழிகிறது; இரண்டு மகன்கள், இருவர் வழியும் அழிகின்றன. ஆக, அழிவு = ¼ + ¼ × அழிவு + ½ × அழிவு × அழிவு. பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடுதான். தீர்த்தால் இரண்டு விடைகள் வரும்: 1, ½.

1 என்ற விடை எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் வரும். ஏனென்றால் வாய்ப்புகளை எல்லாம் கூட்டினால் எப்போதும் 1தான். வாட்சன் அந்த விடையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். சராசரி ஒன்றைத் தாண்டும்போது அதைவிடச் சிறிய இன்னொரு விடை தோன்றும், அதுதான் உண்மையான விடை. பாதி வழிகள் அழியும், பாதி என்றென்றும் தழைக்கும். இதில் எனக்கு வருத்தமான விஷயம், ஐரினே ஜூல் பியெனேமே என்ற பிரெஞ்சுக்காரர் 1845-லேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார். அது 1970-களில்தான் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது. இடையில் டென்மார்க்கின் எர்லாங், தொலைபேசி நெரிசலுக்குக் கணக்கு வகுத்தவர், இதே கேள்வியை எழுப்பினார். அவருடைய தாயின் குடும்பமான கிரரூப் என்ற பெயர் மறைந்துகொண்டிருந்ததுதான் அவரைத் தூண்டியது.

நிஜ மனிதர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? மக்கள்தொகை ஆய்வாளர் ஆல்பிரட் லோட்கா 1931-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தார். மக்கள்தொகை நன்றாக வளர்ந்துகொண்டிருந்த காலம், சராசரி ஒன்றேகால் மகனுக்குச் சற்று மேல். அப்படியிருந்தும் ஓர் ஆணிடம் தொடங்கும் பெயர் என்றாவது அழியும் வாய்ப்பு 82 சதவீதம் என்று வந்தது. நம் உதாரணத்தில் பாதிதான் அழிந்தது, இங்கே ஏன் இவ்வளவு? நிஜ வாழ்க்கையில் பிள்ளைகள் சமமாகப் பங்கு பிரிந்து பிறப்பதில்லை. ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கு மகன் இல்லை, சிலருக்கு ஐந்து, ஆறு. சராசரி மாறாமல் அதே அளவில் இருந்தாலும் ஏற்றத்தாழ்வு கூடக் கூட அழிவு கூடும்.

ஒரு குடும்பத்தில் ஆண்வாரிசு இல்லாமல் போனால் சாபம், முன்னோர் செய்த பாவம் என்று பேசுகிறவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சின் பாரம் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. நூற்றுக்கு 82 வழிகளுக்கு நடப்பது சாபம் ஆகாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அழிவது பெயர்தான், ரத்தம் அல்ல. மகள் வழிப் பேரப்பிள்ளைகள் வேறு பெயரில் நன்றாகவே இருப்பார்கள். மகன் மட்டுமே சுமக்கலாம் என்று நாம் விதி வைத்த ஒரு பொருளுக்கு இந்த முடிவு வந்தால் அதற்கு விதிதான் பொறுப்பு.

உண்மையாகவே ஆண்வழியில் மட்டும் போகிற ஒரு பொருள் உடலில் இருக்கிறது, ஒய் குரோமோசோம். தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் போகும். ஆகவே பெயரையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரிட்டனில் ஆய்வாளர்கள் அப்படிப் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்காரர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே வகை ஒய் குரோமோசோம் வைத்திருந்தார்கள், ஒரே மூதாதையின் வாரிசுகள். ஸ்மித் என்ற பெயர்காரர்களிடம் அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், அத்தனை பேரும் தனித்தனியே அந்தப் பெயரைத் தொடங்கினார்கள்.

ஆகவே பரவலான பெயர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: நம் நாணய விளையாட்டு, அல்லது பல பேர் ஒரே பெயரை எடுத்துக்கொள்வது. சீனாவில் குடும்பப்பெயர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை கொண்டவை, விளையாட்டு நீண்டகாலம் நடந்திருக்கிறது. 140 கோடி மக்களுக்குப் புழக்கத்தில் உள்ள பெயர்கள் ஆறாயிரம் அளவில்தான். வாங், லி ஒவ்வொன்றிலும் சுமார் 10 கோடிப் பேர். ஜப்பானில் எல்லாரும் குடும்பப்பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது 1875-இல். ஆட்டம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, லட்சம் பெயர்களுக்கு மேல் உயிரோடு உள்ளன. கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். அங்கே காலமும் உண்டு, அப்புறம் பெயரில்லாதிருந்த எளிய மக்கள் பதிவுக் காலத்தில் மதிப்பான பெயர்களைத் தேர்ந்தெடுத்ததும் உண்டு.

இந்தக் கணக்கு பெயர்களோடு நிற்கவில்லை. 1927-இல் மரபியல் அறிஞர் ஹால்டேன் இதை மரபணு மாற்றங்களுக்குப் பயன்படுத்தினார். ஒரு சதவீதம் நன்மை தரும் மாற்றம்கூட நூற்றில் 98 முறை தொலைந்துபோகும் என்று காட்டினார். 1944-இல் அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமோஸில் அணுக்கரு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்களின் தலைமுறைகளை இதே சமன்பாட்டால் கணக்கிட்டார்கள். தொற்றுநோய் ஓர் ஊருக்குள் நுழையும்போது பரவுமா, அணைந்துவிடுமா என்று இன்று கணிப்பதும் இதை வைத்துத்தான். பிரபுக்களின் பெயரைப் பற்றிய புதிருக்கு 1873-இல் யாரிடமாவது ஆய்வுநிதி கேட்டிருந்தால், இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பயன் என்ன என்ற கட்டத்தை நிரப்பினால்தான் பணம் என்ற நடைமுறை எனக்கு உடன்பாடில்லை. பயன் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன.

சரி, வாஷிங்டனுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் அந்தக் குடும்பப்பெயர் உடையவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் 90 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். அடிமைத்தளையில் இருந்தபோது பலருக்குக் குடும்பப்பெயரே பதிவில் இல்லை. விடுதலை கிடைத்ததும் தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். நாணய விளையாட்டின் தாளில் நடுவிலே புதிதாக எழுதப்பட்ட வரிகள் அவை, ஒவ்வொன்றும் ஒரு தொடக்கம்.

அப்படிப்பட்ட ஒரு தொடக்கத்தை அருகிலிருந்து பார்க்கலாம். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஒரு சிறுவன் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகிறான். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் இரண்டு பெயர் சொல்கிறார்கள், சிலர் மூன்று. அவனுக்கோ புக்கர் என்ற ஒரே பெயர்தான். தன் முறை நெருங்க நெருங்க அவன் யோசிக்கிறான். வாஷிங்டன் என்பது அவன் மாற்றாந்தந்தையின் முதற்பெயர். ஆசிரியர் பெயரைக் கேட்டதும், பிறந்ததிலிருந்து அதுதான் தன் பெயர் என்பது போல நிதானமாகச் சொல்கிறான்: "புக்கர் வாஷிங்டன்." 1881-இல் டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவரானவர் அவர்தான். அமெரிக்காவில் எத்தனையோ பள்ளிகளின் முகப்பில் இன்று இருப்பது அந்தச் சிறுவன் அன்று வகுப்பறையில் சொன்ன பெயர்.